கேமரா ஓடுகிறது, லேப்டாப்பில்தான் படம் இல்லை

கேள்வி: ஐயா, நாலு மாதத்துக்கு முன் வீட்டைச் சுற்றி நாலு கேமரா போட்டோம். என் கணவரின் பழைய கம்ப்யூட்டரில் எல்லாம் நன்றாகத் தெரிகிறது. இப்போது மகள் புது லேப்டாப் வாங்கியிருக்கிறாள். அதில் குரோமில் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கிறது, உள்ளேயும் விடுகிறது, ஆனால் நாலு கட்டமும் கறுப்பாக இருக்கின்றன. ‘பிளக்-இன் இறக்கவும்’ என்று ஒரு வரி வருகிறது. இறக்கிப் போட்டாலும் மறுபடி அதே வரிதான். மருமகனின் மேக்கில் அந்த வரிகூட வரவில்லை. போட்டுத் தந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டால், “இந்த மாடல் புது பிரௌசருக்கு ஆகாது, வேறு டிவிஆர் போட 6,000 ராண்ட் ஆகும்” என்கிறார். கொடுத்துவிடலாமா?
வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: கொடுக்காதீர்கள் அக்கா. இப்போதைக்கு ஒரு ராண்ட்கூட எடுக்க வேண்டாம்.

பாஸ்வேர்ட் பக்கம் வருகிறது, உள்ளேயும் விடுகிறது என்றீர்கள். அப்படியானால் டிவிஆர், அதாவது கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி, உயிரோடு இருக்கிறது, வயர் சரி, ரௌட்டரும் சரி. வராதது படம் மட்டும். அந்தப் படத்தைக் காட்டும் வேலை டிவிஆருடையது அல்ல, பிரௌசருக்குள் உட்கார்ந்திருக்கும் பிளக்-இன் என்ற குட்டி நிரலுடையது. கேமராக் கம்பெனிகள் பல வருடமாக இந்த நிரலை மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்காகவே எழுதின. அந்த வகை நிரலின் பெயர் ஆக்டிவ்எக்ஸ். மற்ற பிரௌசர்களில் வேறொரு பழைய பிளக்-இன் முறை இருந்தது. அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று குரோம் 2015-இலும், ஃபயர்ஃபாக்ஸ் 2017-இலும், சஃபாரி 2018-இலும் கைவிட்டன. கடைசியில் 2022 ஜூன் 15 அன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் ஓய்வு பெற்றது. உங்கள் கணவரின் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய பிரௌசர் இன்னும் இருப்பதால்தான் அதில் படம் ஓடுகிறது. மகளின் குரோமில் நீங்கள் அந்த பிளக்-இன்னை நூறு தடவை இறக்கினாலும் அது போய் உட்கார இடமில்லை.

மகளின் லேப்டாப் விண்டோஸ் என்றால் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அதிலேயே எட்ஜ் பிரௌசர் இருக்கும். அதன் அமைப்புகளில் ‘இயல்பு உலாவி’ என்ற பகுதிக்குப் போனால், தளங்களை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முறையில் திறக்க அனுமதிக்கலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். அனுமதி கொடுத்து, எட்ஜை மூடித் திறந்து, அதே இடத்தில் உள்ள பட்டியலில் உங்கள் டிவிஆரின் முகவரியைச் சேருங்கள். அப்புறம் பக்கத்தைத் திறந்து பிளக்-இன்னை ஒருமுறை போட்டால் பெரும்பாலும் படம் வந்துவிடும். பட்டியலில் சேர்த்த முகவரி 30 நாளில் தானாகக் காலாவதியாகும். அடுத்த மாதம் “திரும்பவும் கெட்டுவிட்டது” என்று போன் போடாதீர்கள், மறுபடி சேர்த்தால் போதும். 2029 வரையாவது இந்த முறை இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டியைத் தவிர வேறு எந்தத் தளத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். பழைய பூட்டை வாசல் கதவில் மாட்டுவது போல் ஆகிவிடும்.

மேக்கில் எட்ஜ் போட்டாலும் இந்த வசதி கிடையாது. மருமகன் பிரௌசரை விட்டுவிட்டு, கேமராக் கம்பெனியே இலவசமாகத் தரும் கம்ப்யூட்டர் மென்பொருளை இறக்கட்டும். உண்மையைச் சொன்னால் விண்டோஸ்காரர்களுக்கும் நான் சொல்வது அதைத்தான். பிரௌசர் எப்படி மாறினாலும் அதற்குக் கவலையில்லை.

இன்னொன்று. நாலில் ஒரு கட்டம் மட்டும் கறுப்பு, மற்ற மூன்றும் தெரிகிறது என்றால் கதை வேறு. அந்த ஒரு கேமரா எச்.265 என்ற புது முறையில் படத்தைச் சுருக்கி அனுப்பலாம். பல பிரௌசர் பக்கங்களுக்குப் பழைய எச்.264 தான் புரியும். டிவிஆரின் வீடியோ அமைப்பில் அந்தக் கேமராவின் சிறிய ஓட்டத்தை (சப் ஸ்ட்ரீம்) எச்.264-க்கு மாற்றிப் பாருங்கள். பதிவாகும் பெரிய ஓட்டத்தைத் (மெயின் ஸ்ட்ரீம்) தொட வேண்டாம், ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிறைந்துவிடும்.

பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்தால் பிளக்-இன்னே தேவைப்படாமல் போகலாம். புதுப்பிப்பைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து, மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்து எடுங்கள். கரண்ட் போகும் என்று சந்தேகம் இருக்கிற நாளில் மட்டும் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் அப்புறம் உண்மையிலேயே புது டிவிஆர்தான்.

இவ்வளவும் செய்தும் படம் வரவில்லையா? அப்போது சட்டத்துக்கு வரலாம். நாலு மாதத்துக்கு முன் உங்களுக்கு விற்றவர், அதற்கு முன்பே ஓய்வு பெற்ற பிரௌசரை நம்பி இருக்கும் பெட்டியை விற்றிருக்கிறார். அதை நான் பழைய சரக்கு என்றுதான் சொல்வேன். 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 55-ஆம் பிரிவைப் பாருங்கள். இன்ன வேலைக்கு வேண்டும் என்று நீங்கள் கடைக்காரரிடம் சொல்லி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘லேப்டாப்பில் பார்க்கணும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதியிருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள். 56-ஆம் பிரிவின்படி, பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் என்றால் ரிப்பேரா, மாற்றுப் பெட்டியா, பணமா என்று தீர்மானிப்பது நீங்கள், அவர் அல்ல. எடுத்துக்கொண்டு போகும் செலவும் அவருடையது. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள்–சேவை குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம், நுகர்வோருக்குக் கட்டணமில்லை.

கணவரின் கம்ப்யூட்டரைக் கேமராவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, அதற்கும் பழசென்றால் கேட்கவே வேண்டாம். அதில் பேங்க் வேலை பார்க்கக் கூடாது.

கேள்வி: அண்ணா, ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வந்த பிறகும் கேமரா பக்கம் கம்ப்யூட்டரில் திறப்பதில்லை. போன் ஆப்பில் மட்டும் தெரிகிறது. டிவிஆரை மாற்றணுமா?
வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: இதற்கும் டிவிஆர் வேண்டாம் தம்பி. கரண்ட் வந்ததும் ரௌட்டர் முதலில் எழுந்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எண் பிரித்துக் கொடுக்கிறது. நேற்று 192.168.1.20 என்று இருந்த டிவிஆர் இன்று 192.168.1.23 ஆகிவிடும். நீங்கள் பிரௌசரில் சேமித்து வைத்தது பழைய எண். ஆப் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை, கம்பெனியின் சர்வர் வழியாகப் போகிறது, அதனால் அது மட்டும் வேலை செய்கிறது. ரௌட்டர் பக்கத்தில் டிவிஆருக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

எண் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் முகவரிக்கு முன்னால் http:// என்று முழுதாக அடியுங்கள். இப்போதைய பிரௌசர்கள் தாங்களாகவே https என்ற பாதுகாப்பான வழியைத் தேடும், பழைய பெட்டிக்கு அந்தக் கதவே இருக்காது. விருந்தாளிகளுக்கென்று தனியாக வைத்த வைஃபையில் லேப்டாப் இருந்தாலும் டிவிஆர் கண்ணில் படாது.

கரண்ட் விஷயம் எடுத்ததால் ஒரு சொந்தக் கதை. லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்த 2023-இல், என் வீட்டுப் பெட்டியில் தேதி 2000 ஜனவரி 1 என்று நின்றது. உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்தது. தைப்பூசக் காவடிக்கு வீடே கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ கேட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். பதிவு இருந்தது, ஆனால் எந்த நாள் எந்த மணி என்று போலீஸிடம் காட்ட வழியில்லை. சில ராண்ட் பேட்டரிக்கு வந்த வினை. லோட் ஷெட்டிங் இப்போது பெரும்பாலும் நின்றுவிட்டது, கேபிள் திருட்டால் கரண்ட் போவது நிற்கவில்லையே.

ரௌட்டருக்கும் டிவிஆருக்கும் சின்ன யூபிஎஸ் வாங்குகிறவர்கள் கேமராக்களின் பவர் சப்ளையை மறந்துவிடுகிறார்கள். பல வீடுகளில் அது தனி பிளக். டிவிஆர் மட்டும் விழித்திருந்து இருட்டைப் பதிவு செய்துகொண்டிருக்கும்.

கேள்வி: ஐயா, நான் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை செய்கிறேன், அம்மா பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தனியாக இருக்கிறார். அங்கே இருக்கும்போது என் லேப்டாப்பில் கேமரா தெரிகிறது. இங்கே வந்ததும் அதே லேப்டாப்பில், அதே பிரௌசரில் பக்கமே திறப்பதில்லை. போட்டவர் “ரௌட்டரில் போர்ட் திறந்துவிடுகிறேன்” என்கிறார். விடலாமா?
வாசகர், லெனேசியா

பதில்: வேண்டாம். 192.168 என்று தொடங்கும் எண் அம்மா வீட்டுச் சுவருக்குள் மட்டும் செல்லும், இங்கிருந்து அதைக் கூப்பிட முடியாது. போர்ட் திறப்பது என்றால் டிவிஆரின் பாஸ்வேர்ட் பக்கத்தை உலகத்துக்கே காட்டுவது. 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல், வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடிப் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய இணையத் தளங்களை முடக்கியது. அம்மா வீட்டில் ஃபைபர் இல்லாமல் சிம் போட்ட ரௌட்டர் என்றால் திறந்தாலும் பலன் இருக்காது. ரௌட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்குகிறதா பாருங்கள். அப்படியிருந்தால் பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரி, உள்ளே வர வழியே இல்லை.

பெட்டியின் அடியில் இருக்கும் கியூஆர் கோடை வைத்து கம்பெனியின் ஆப்பிலோ கம்ப்யூட்டர் மென்பொருளிலோ சேருங்கள், அல்லது ரௌட்டரில் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து நீங்களே மாற்றுங்கள். போடுகிறவர்களில் சிலர் தெரு முழுக்க ஒரே பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் தனியார் பாதுகாப்புத் துறை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தவரா என்றும் கேளுங்கள். பாதுகாப்புக் கருவி பொருத்துவதும் அந்த ஆணையத்தின் சட்டத்துக்குள் வருகிற வேலைதான்.

கேள்வி: ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் (அலாரம் அடித்தால் ஆயுதக் காவலரை அனுப்பும்) கம்பெனியிடம் 24 மாத ஒப்பந்தம். அலாரம் பதிவை வெப்சைட்டில் பார்க்கலாம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள், எந்த பிரௌசரிலும் திறப்பதில்லை. பாதியில் விலகலாமா?
வாசகி, டோங்காட்

பதில்: விலகலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி 20 வேலை நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். அவர்கள் நியாயமான ரத்துக் கட்டணம் கேட்கலாம், மீதி மாதங்களின் முழுப் பணத்தையும் அப்படியே கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன் பக்கம் திறக்காததை இரண்டு மூன்று பிரௌசரில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பி, சரிசெய்யக் கேளுங்கள். சேவை சொன்ன தரத்தில் இல்லையென்றால் குறையைச் சரிசெய்யவோ, கொடுத்த பணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பித் தரவோ 54-ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். அந்த மின்னஞ்சல் இருந்தால் ரத்துக் கட்டணம் பற்றிய பேச்சும் உங்கள் பக்கம் கொஞ்சம் சாயும்.