கார்ப்பென்டீரியா: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அக்கா, கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோவுக்கு மேலே ஆபரி ஊர்ப் பக்கம் வண்டியில் போகும்போது வெள்ளை வெளேரென்று பூத்த ஒரு புதரைப் பார்த்தோம். காட்டு ரோஜாவா?

பதில்: ரோஜாவுக்கு முள் இருக்கும், இலை மாறி மாறி வரும். நீங்கள் அனுப்பிய படத்தில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கின்றன. பூவில் 5 முதல் 8 இதழ்கள், நடுவே மஞ்சள் கேசரங்கள் கொத்தாக நிற்கின்றன. இது கார்ப்பென்டீரியா, ஹைட்ரேஞ்சியா குடும்பம். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் நுண்ணிய மயிர் படர்ந்து வெளுத்திருக்கும். பழைய தண்டில் பட்டை காகிதம்போல உரியும். கொடுத்துவைத்தவர்கள் நீங்கள்!

கேள்வி: அவ்வளவு அரிதா?

பதில்: சியரா நெவாடா அடிவாரத்தில், சான் வாக்கீன் ஆற்றுக்கும் கிங்ஸ் ஆற்றுக்கும் இடைப்பட்ட சிறு பகுதியிலும் அதையொட்டியும் மட்டும்தான் இது தானாக வளர்கிறது. பெரும்பாலும் ஃப்ரெஸ்னோ மாவட்டம், கொஞ்சம் மடேரா. இந்தப் பேரினத்தில் இருப்பதே இந்த ஒரே இனம். 1840களில் நாடாய்வுப் பயணி ஃப்ரீமான்ட் சேகரித்த மாதிரியைப் பார்த்து, தாவரவியலாளர் டோரி லூசியானா மருத்துவர் கார்ப்பென்டரின் பெயரை இதற்கு வைத்தார். 1990இல் கலிபோர்னியா அரசு அச்சுறுத்தலுக்குள்ளான செடிகளின் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: காட்டுத்தீ வந்தால் அழிந்துவிடாதா?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. மேல்பகுதி கருகினாலும் அடித்தூரிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். இன்னொன்றும் உண்டு. விதை மணல்போலப் பொடி. சருகு மெத்தையில் விழுந்தால் பிழைக்காது. தீ சருகை எரித்து வெறும் மண்ணைத் திறந்துவிட்ட இடத்தில்தான் நாற்றுகள் எழும். அதனால் சாப்பரல் புதர்க்காட்டில் தீயே வராமல் பல பத்தாண்டுகள் அணைத்துக்கொண்டே இருந்தால், பழைய புதர்கள் நிற்கும், குட்டிச்செடிகள் வராது. வீடுகளும் சாலைகளும் பெருகிய இடத்தில் தீயை அப்படியே விடவும் முடியாது. இந்தச் சிக்கல்தான் என்னை உறுத்துகிறது.

கேள்வி: சான் ஹோசேயில் வைத்திருக்கிறேன். ஜூலையில் கீழ் இலைகள் பழுக்கின்றன. தினமும் தண்ணீர் விடட்டுமா?

பதில்: வேண்டாம்! கோடையில் பழைய இலை பழுத்து உதிர்வது இதன் இயல்பு. அங்கே மழை குளிர்காலத்தில்தான். வேர்பிடித்த செடிக்கு எப்போதாவது ஒருமுறை ஆழமாக விட்டால் போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

கேள்வி: சென்னை மாடியில் வளருமா?

பதில்: வளராதுங்க. புழுக்கமும் கோடை ஈரமும் ஆகாது.

கேள்வி: காட்டிலிருந்து ஒரு கிளை ஒடித்துப் பதியம் போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அரசு காக்கும் செடி அது. உள்ளூர்ச் செடி விற்கும் நர்சரிகளில் 'எலிசபெத்' ரகம் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

கேள்வி: பூ பார்க்க எப்போது போகலாம்?

பதில்: மே, ஜூன். தாழ்ந்த சரிவுகளில் முதலில் பூக்கும். அங்கே முடிந்துவிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே ஏறிப் பாருங்கள்.