பிடுங்கப் பிடுங்க வரும் கோரை: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, காய்கறிப் பாத்தியில் வாராவாரம் பிடுங்கியும் புல் மாதிரி ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. அருகம்புல்லா, கோரையா?

பதில்: பூத்தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டை விரலில் தட்டுப்பட்டால் கோரைதான். அடுத்து, ஒரு செடியை இழுக்காமல் களைக்கொத்தால் சுற்றிலும் தோண்டி எடுங்கள். அடியில் கறுப்பாக ஒரு சின்னக் கிழங்கு, அதிலிருந்து மெல்லிய இழை, இழையின் முனையில் அடுத்த கிழங்கு. நீங்கள் இழுக்கும்போது இழை அறுந்து, கிழங்கெல்லாம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

கேள்வி: நான் மொத்தமாகக் கொத்திப் போட்டேன். முன்னைவிட அதிகமாகிவிட்டதே?

பதில்: ஆகத்தான் செய்யும். தொடரில் ஒரு கிழங்கு முளைத்தால் மற்றவை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். துண்டாக்கினால் தனித்தனியாக விழித்துக்கொள்ளும். ஆனால் அடக்கும் வழியும் அதில்தான் இருக்கிறது. முளைத்து வரும் இலை, கிழங்கின் சேமிப்பைத் தின்றுதான் வளர்கிறது. சுமார் 3 வாரம் விட்டால் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். அதற்குள், 10, 15 நாளுக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே இருங்கள். ஒரு பருவத்தில் முடிகிற வேலை இல்லை, சொல்லிவிட்டேன். கொத்தித்தான் ஆக வேண்டுமென்றால் கடும் வெயில் காலத்தில் கொத்தி, கிழங்குகளைப் பொறுக்கி நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்தால் செத்துவிடும். ஈர மண்ணில் கொத்துவதுதான் வினை.

கேள்வி: கறுப்பு பாலித்தீன் விரித்தால்?

பதில்: மெல்லிய ஷீட்டைக் கோரை முளை ஊசி போன்ற நுனியால் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். தடித்த அட்டையை 2, 3 அடுக்காகப் போட்டு, மேலே அரையடி சருகு கொட்டுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. சர்க்கரைவள்ளியோ பூசணியோ அடர்த்தியாகப் படர்ந்தாலே பாதி அடங்கும்.

கேள்வி: வினிகர், உப்பு?

பதில்: வினிகர் இலையைக் கருக்கும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. உப்பு மண்ணையே கெடுக்கும். இரண்டும் வேண்டாம்.

கேள்வி: அழகுக்கு வைத்த வெடிலியா என்ற மஞ்சள் பூக்கொடி, செம்பருத்திச் செடியின் அடியெல்லாம் மூடிவிட்டது.

பதில்: மஞ்சள் பூவைப் பார்த்து ஏமாறாதவர் யார்! மண்ணில் படும் கணுவிலெல்லாம் வேர்விடும் கொடி அது. மழை விட்டு மண் இளகியிருக்கும்போது ஒரு ஓரத்திலிருந்து பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வாருங்கள். அறுந்த கணுக்களைத் தேடிப் பொறுக்குங்கள். உரக்குழியில் பச்சையாகப் போட வேண்டாம், சருகாகக் காயட்டும். மதிலுக்கு வெளியே வீசினால் அங்கேயும் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: புதினாவும் இப்படித்தானா?

பதில்: அதுவும் ஓடும். தொட்டியில் வையுங்கள். தொட்டியை மண்மேல் வைத்தால் அடி ஓட்டை வழியாக இறங்கிவிடும், செங்கல் மேல் வையுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கோரையே இருந்ததில்லை. எப்படி வந்திருக்கும்?

பதில்: விதையைவிடக் கிழங்கு வழியாகத்தான் அதிகம் பரவும். நர்சரிப் பை மண்ணிலோ வெளியிலிருந்து கொட்டிய மண்ணிலோ வந்திருக்கும். இனி புதுச் செடி வாங்கினால் நடுவதற்கு முன் பையைப் பிரித்து, ஓர மண்ணைக் கொஞ்சம் உதிர்த்துப் பாருங்கள். ஒரு கிழங்கு கிடைத்தாலும் அந்த மண்ணைத் தரையில் கொட்டாதீர்கள்.