ஓப்பனிங் பொறியில் எஞ்சினைச் சோதிப்பது எப்படி? – கேள்வி பதில்

செஸ் எஞ்சின்களை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரல்களை, சிக்கலான தொடக்க நிலைகளில் சோதிப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே. கட்டங்களின் பெயரை ஏ முதல் எச் வரை, 1 முதல் 8 வரை என்ற வழக்கப்படியே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, சோதிக்கும்போது ஓப்பனிங் புத்தகத்தை அணைத்துவிட வேண்டுமா? அதுவும் எஞ்சினின் பலம்தானே?

அணைத்தே ஆகவேண்டும் தம்பி. ஓப்பனிங் புத்தகம் என்பது தொடக்க நகர்வுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்த பட்டியல். அது ஓடும்வரை எஞ்சின் யோசிப்பதில்லை, யாரோ எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிறது. உலக சாம்பியன் காஸ்பரோவும் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினியும் 1997 மே 11 அன்று நியூயார்க்கில் ஆடிய 6-வது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காஸ்பரோவ் கறுப்பாகக் காரோ-கான் என்ற தொடக்கத்தை ஆடினார். 7-வது நகர்வில் எச்6 என்று சிப்பாயைத் தள்ளியதும் டீப் ப்ளூ தன் குதிரையை இ6-ல் பலி கொடுத்தது. 19 நகர்வில் ஆட்டம் முடிந்தது. இயந்திரம் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த பலி என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது புத்தகத்திலிருந்து வந்த நகர்வு. அதற்குப் பிறகு தாக்குதலை நடத்தியதுதான் இயந்திரத்தின் சொந்த வேலை.

கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் 10 தொடக்க நிலைகளைத் தேர்ந்து கொடுத்ததும் இதற்காகத்தான். புத்தகம் இல்லாமல், ஒவ்வொரு நிலையையும் இரு எஞ்சின்களும் வெள்ளையாக ஒருமுறை, கறுப்பாக ஒருமுறை ஆட வேண்டும். மொத்தம் 20 ஆட்டம். இன்னொன்றையும் பாருங்கள்: இன்றைய ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினில் புத்தகம் கிடையாது, ஆனால் அதை ஓட்டும் செயலியில் இருக்கலாம். அங்கேயும் போய் அணையுங்கள்.

கேள்வி: சார், எஞ்சின் உண்மையிலேயே தடுமாறும் ஓப்பனிங் பொறி ஒன்று சொல்லுங்கள். வீட்டில் நானே பார்க்க வேண்டும்.

நோவா பேழைப் பொறி. எனக்கு மிகவும் பிடித்தது இது. பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை இ4, கறுப்பு இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் பி5, சிப்பாய் ஏ6. பிஷப் ஏ4, சிப்பாய் டி6. வெள்ளை டி4, கறுப்பு பி5. பிஷப் பி3-க்குப் போகிறது. கறுப்புக் குதிரை டி4-ஐ வெட்டுகிறது, வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டுகிறது, இ5 சிப்பாய் அதையும் வெட்டுகிறது. இப்போது வெள்ளையின் முறை. டி4-ல் ஒரு சிப்பாய் கேட்பாரற்று நிற்கிறது.

ராணியால் வெட்டினால் காய்க் கணக்கு சமம். கறுப்பு சி5 என்று ராணியை விரட்டுகிறது. ராணி டி5-க்குப் போய் எஃப்7-ல் மேட், ஏ8-ல் யானை என்று இரண்டையும் ஒருசேர மிரட்டுகிறது. பார்ப்பதற்கு வெள்ளை வென்றுவிட்ட மாதிரி இருக்கும். கறுப்பு பிஷப் இ6. ராணி சி6-ல் செக். பிஷப் டி7-க்குத் திரும்புகிறது. ராணி மறுபடி டி5. அப்புறம் சி4! அந்தச் சிறு சிப்பாய் எஃப்7-க்குப் போகும் மூலைக்கோட்டை அடைக்கிறது, பி3-ல் இருக்கும் பிஷப்பையும் பிடித்துவிடுகிறது. ஓடுவதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. கிடைப்பது இரண்டு சிப்பாய், போவது பிஷப். 1929-ல் புடாபெஸ்டில் எண்ட்ரே ஸ்டைனர் கபாபிளாங்காவிடம் இப்படித்தான் மாட்டினார்.

இப்போது எஞ்சின் பக்கம் வருவோம். ஒரு பக்கம் ஒருமுறை ஆடுவது அரை நகர்வு. ராணி வெட்டுவதை முதல் அரை நகர்வு என்று எண்ணினால், சி4 வருவது எட்டாவதில். பிஷப் உண்மையில் வெட்டுப்படுவது அதற்கும் பிறகு. ஆறு அரை நகர்வு மட்டுமே பார்க்கும் பழைய நிரலுக்கு எல்லாம் நலம், சிப்பாயும் இலவசம். நடுவில் வரும் அந்த சி6 செக், நஷ்டத்தை இன்னும் இரண்டு அரை நகர்வு தள்ளி வைத்துப் பார்வைக்கு அப்பால் கொண்டுபோகிறது. இதைத்தான் ஹான்ஸ் பெர்லினர் 1970-களில் தொடுவான விளைவு என்றார்.

உங்கள் எஞ்சினின் ஆழத்தை, அதாவது எத்தனை அரை நகர்வு முன்னால் பார்க்கிறது என்பதை, 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு ஆழத்திலும் என்ன நகர்வைச் சொல்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். எங்கே ராணியை விட்டுவிட்டு பிஷப் டி5 போன்ற நகர்வுக்கு மாறுகிறது என்பதுதான் உங்கள் விடை. ஒரு எச்சரிக்கை: இன்றைய எஞ்சின்கள் செக்கையும் வெட்டையும் சொன்ன ஆழத்தைத் தாண்டியும் துரத்திப் பார்க்கும். ஆழம் 6 என்றால் கண்டிப்பாக ஆறுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நான் பல வருடமாகக் கறுப்பில் கிங்ஸ் இந்தியன் தொடக்கம் ஆடுகிறேன். எஞ்சின் எப்போதும் வெள்ளைக்கே சாதகம் காட்டுகிறது. ஆட்டத்தை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். எஞ்சின் காட்டும் மதிப்பீட்டு எண் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஸ்டாக்ஃபிஷ் 15.1-லிருந்து +1.00 என்றால், இரண்டு எஞ்சின்கள் அங்கிருந்து ஆடினால் வெள்ளை ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு என்று பொருள். ஒரு சிப்பாய் கூடுதல் என்ற பழைய பொருள் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பது எஞ்சின் என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது.

கிங்ஸ் இந்தியனில் நடுப்பகுதி பூட்டிக்கொண்ட நிலைகள், அதாவது வெள்ளை டி5 தள்ளி, கறுப்புக் குதிரை இ7-க்குப் போன பிறகு வருபவை, நோவா பேழைக்கு நேர் எதிரானவை. அங்கே வெட்டும் செக்கும் கிடையாது. கறுப்பு எஃப்5, எஃப்4, ஜி5, எச்5 என்று ஒவ்வொரு அடியாக ராஜாவை நோக்கி நடக்க வேண்டும், அந்தப் பக்கம் வெள்ளை சி5-ஐத் திறக்கும். தாக்குதல் வந்து சேரப் பத்து நகர்வுக்கு மேல் ஆகும். அதுவரை எஞ்சின் கண்ணில் படுவது வெள்ளையிடம் இடம் அதிகம் என்பதுதான்.

அதனால் எண்ணைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள், ஆட வையுங்கள். அந்த நிலையிலிருந்து எஞ்சினைத் தனக்கெதிராகவே சில பத்து ஆட்டங்கள் ஆடவிட்டு, கறுப்பு ஜெயித்ததைப் பிரித்தெடுங்கள். அவற்றில் கடைசி நகர்விலிருந்து பின்னோக்கி வாருங்கள். எண் எந்த நகர்வில் சட்டென்று கறுப்புப் பக்கம் சாய்ந்தது என்று தெரியும். அந்த இடத்துக்கு ஐந்தாறு நகர்வு முன்னால்வரை எஞ்சின் எதை நம்பிக்கொண்டிருந்ததோ, அதுதான் அதன் குருட்டு இடம். எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது இந்தப் பின்னோக்கு நடைதான்.

கேள்வி: ஒரே நிலையை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு பதில் வருகிறது. போன் கெட்டுவிட்டதா?

இல்லை. பல த்ரெட்கள், அதாவது இணையாக ஓடும் தேடல்கள், ஒன்றாகத் தேடும்போது எது முந்துகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஒரே த்ரெட், நேரத்துக்குப் பதில் நோட் (தேடிப் பார்க்கும் நிலை) எண்ணிக்கை, ஒவ்வொரு முறையும் ஹாஷ் (முந்தைய தேடலின் நினைவகம்) துடைப்பு. இந்த மூன்றையும் செய்தால் அதே பதில் வரும்.

ஃபென் வரியையும், அதாவது பலகை நிலையை எழுத்தில் குறிக்கும் வரியையும், சரிபாருங்கள். ஒருமுறை நான் இரவு முழுக்க ஒரு நிலையை ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் கறுப்புக்குப் படுமோசமான எண். காரணம், கையால் ஃபென் எழுதும்போது காஸ்லிங் உரிமை வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தேன். ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டதாக எஞ்சின் நினைத்து, அதற்குச் சரியான பதிலையே சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்து நகர்வுகளைப் பலகையில் ஆடித்தான் நிலையைக் கொண்டுவருகிறேன்.

கேள்வி: இரண்டு எஞ்சின்களை 100 ஆட்டம் மோதவிட்டேன். ஏறக்குறைய எல்லாம் டிரா. எது பெரியது என்று எப்படிச் சொல்வது?

வழக்கமான ஆரம்ப நிலையிலிருந்து ஆடவிட்டால் அப்படித்தான் வரும். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த தொடக்கங்களைக் கொடுங்கள், ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவிடுங்கள். ஒரே நிலையை ஒரு எஞ்சின் வெள்ளையாக ஜெயித்து, கறுப்பாகவும் காப்பாற்றினால் அங்கே வித்தியாசம் தெரிகிறது. டிசெக் என்ற எஞ்சின் போட்டியில் தொடக்கத்தை எஞ்சின்கள் தேர்வதில்லை, அமைப்பாளர்கள்தான் கொடுக்கிறார்கள். ஸ்டெஃபான் போல் தொகுத்த சமனற்ற தொடக்கத் தொகுப்புகளும் இதற்கென்றே செய்தவை.

100 ஆட்டம் போதாது என்பதையும் மனத்தில் வையுங்கள். டிராவே இல்லாவிட்டால் 100 ஆட்டத்தில் 10 சதவீதம் அப்படி இப்படி வருவது வெறும் அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம். 60-40 என்பது ஆட்டத் திறனை அளக்கும் எலோ கணக்கில் சுமார் 70 புள்ளி. அவ்வளவையும் அதிர்ஷ்டம் விழுங்கிவிடும்.

கேள்வி: ஸ்டாஃபர்ட் கேம்பிட்டை எஞ்சின் குப்பை என்கிறது. என் அண்ணன் அதில்தான் என்னைத் தினமும் தோற்கடிக்கிறான். யார் சரி?

இரண்டு பேரும் சரி. இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை எஃப்6, குதிரை இ5-ஐ வெட்ட, குதிரை சி6. வெள்ளை அங்கே வெட்டியதும் டி சிப்பாய் திருப்பி வெட்டும். கறுப்பு ஒரு சிப்பாய் குறைவு, எஞ்சினின் தீர்ப்பு அதுதான். ஆனால் நீங்கள் டி3 ஆடி, அவன் பிஷப்பை சி5-ல் வைத்ததும், பிஷப் ஜி5 என்று குதிரையைக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? குதிரை இ4-ஐ வெட்டும். நீங்கள் ஆசையாக ராணியை வெட்டுவீர்கள். பிஷப் எஃப்2-ல் செக், ராஜா இ2, மற்ற பிஷப் ஜி4-ல் மேட்.

எஞ்சின் இந்த வழியில் போகாது, அதனால் அதன் எண்ணில் இந்தப் பொறிக்கு மதிப்பே இல்லை. அண்ணனுக்கு உங்கள் பழக்கம் தெரியும். இன்று மாலை அதே நிலையில் நீங்கள் கறுப்பை எடுத்து எஞ்சினோடு ஆடுங்கள். அது வெள்ளையாக என்ன பதில் கொடுக்கிறது என்று பார்த்து, அதையே நாளைக்கு அண்ணனிடம் ஆடிக்காட்டுங்கள்.