கரோக்கியைத் தடை செய்ய வேண்டுமா?

கேள்வி: 1981 முதல் 1989 வரை நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து மெல்லிசைக் குழு நடத்தினோம். ஆடியில் மாரியம்மன் பண்டிகை வந்தால் எங்களுக்கு உட்கார நேரம் இருக்காது. இன்று ஒரு ஆள், ஒரு லேப்டாப், ஒரு மைக் என்று ஆகிவிட்டது. கரோக்கி என்ற பேய் எங்களைப் போன்ற குழுக்களை அழித்துவிட்டது. கோயில் விழாக்களில் அதைத் தடை செய்யச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும். எங்கள் குழுவின் பழைய படம் ஒன்றும் இணைத்துள்ளேன், வெளியிடவும்.
(ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: எழுத மாட்டேன்.

முதலில் தேதியைப் பார்ப்போம். உங்கள் குழு 1989-இல் கலைந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். நம்மூர்க் கல்யாண மண்டபங்களில் ஆட்கள் டிராக் (குரல் இல்லாத இசைப் பதிவு) போட்டுப் பாட ஆரம்பித்தது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து. கருமாதிக்கு வந்தவனைப் பிடித்துக் கொலைகாரன் என்றால் எப்படி?

எங்கள் குழுவும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் கலைந்தது. ஒருவனுக்கு உருக்காலையில் ஷிப்ட் வேலை. ஒருவனுக்குக் கல்யாணம். மிச்சமிருந்த இரண்டு பேருக்குள் எக்கோ மிஷின் யாருடையது என்று சண்டை. உங்கள் கதை இதிலிருந்து ரொம்ப விலகியிருக்காது என்று நினைக்கிறேன்.

ஆமாம், நானும் ஒரு குழுவில் இருந்தவன்தான். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையின் மாடியில் பயிற்சி. கீழே சுத்தியல் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மேலே ஆரம்பிக்க முடியும், ராத்திரி எட்டு ஆகிவிடும். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. மராக்கஸ் குலுக்குவேன், பெட்டி தூக்குவேன், சைக்கிளில் போய் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கி வருவேன்.

தொடக்கத்தில் எங்களிடம் டேப் ரெக்கார்டர் கிடையாது. இலங்கை வானொலியில் புதுப் பாட்டு வந்தால் ஆளுக்கொரு வேலை. பல்லவி ஒருவனுக்கு, சரணம் ஒருவனுக்கு, இடையிசை முழுக்க ஆர்மோனியக்காரனுக்கு. யாராவது தும்மினால் தொலைந்தது, மறுபடி அந்தப் பாட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். வரிகளுக்காவது பாட்டுப் புத்தகம் இருந்தது, கதையைப் பாதி சொல்லி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கழுத்தறுக்குமே, அந்தப் புத்தகம். இசைக்கு அப்படி எதுவும் இல்லை. 1976-இல் இளையராஜா வந்தார். அப்புறம் பேஸ் கிதார் பாட்டுக்கு அடியில் தனியாக ஒரு பாட்டுப் பாட ஆரம்பித்தது. எங்களிடம் பேஸ் கிதாரே கிடையாது. தபேலாக்காரன் இடது கையால் டக்காவை அமுக்கி அமுக்கி அதை ஒப்பேற்றுவான். வயலின்கள் கூட்டமாக வர வேண்டிய இடத்தில் ஒற்றை ஆர்மோனியம் மூச்சு வாங்கும்.

இவ்வளவு பாடும் எதற்கு? மேடைக்குக் கீழே ஒருத்தர், "அச்சு அசல் ரிக்கார்டு மாதிரியே இருந்துச்சுங்க" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான். அதைச் சொன்னவர்தான் பாடகர் சட்டையில் பத்து ரூபாய் நோட்டைக் குத்துவார். ரிக்கார்டு மாதிரி இருப்பதுதான் உசத்தி என்று வருடக்கணக்கில் ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். கடைசியில் ஒருத்தன் ரிக்கார்டையே மேடையில் கொண்டுவந்து வைத்தான். ஊர் கைதட்டியது. நாம் பழக்கிய ஊர்தானே, வேறென்ன செய்யும்?

இன்னொன்றும் நினைவுபடுத்துகிறேன், கோபிக்காதீர்கள். 1985-இல் ரோலண்ட் நிறுவனம் ஆக்டோபேட் என்ற எலக்ட்ரானிக் தாளக் கருவியைக் கொண்டுவந்தது. எட்டு ரப்பர்த் தட்டு, இரண்டு குச்சி. அது நம்மூர் மேடைகளுக்கு வந்து சேர்ந்தபோது காங்கோக்காரர், டோலக்காரர் எல்லாம் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்குத் தடை கேட்டு எந்தக் குழுத் தலைவரும் கடிதம் எழுதியதாக நினைவில்லை. பங்கு பிரிக்க வேண்டிய ஆட்கள் குறைந்தார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் பேய் என்கிறீர்களே, அதைக் கிளப்பிவிட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம்மைப் போல ஒரு சின்னக் குழுக்காரர்தான். ஜப்பானில் கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாட, பின்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த டைசுகே இனோவே. ஒரு கம்பெனி முதலாளி, தான் போகும் உல்லாசப் பயணத்துக்கு வந்து வாசிக்கச் சொன்னார். இவரால் போக முடியவில்லை. சும்மா விடவில்லை, இசையை மட்டும் டேப்பில் பதிந்து கொடுத்து அனுப்பினார். முதலாளி அதை வைத்துப் பாடிவிட்டார். அதிலிருந்து பிறந்த யோசனையில் 1971-இல் இனோவே கரோக்கிப் பெட்டி செய்தார். காப்புரிமைகூட வாங்கவில்லை. 2004-இல் அவருக்கு 'இக் நோபல்' என்ற கிண்டல் நோபல் ஒன்று கொடுத்தார்கள், அதுவும் சமாதானத்துக்கு. ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள மனிதர்களுக்குப் புது வழி காட்டினாராம்.

நாங்களும் அப்படி ஒரு மலைப் பயணத்துக்கு ஒருமுறை அழைக்கப்பட்டோம். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் கல்யாணம். டேப் அனுப்பும் புத்தி எங்களுக்கு இல்லாததால் நாங்களே போனோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் காங்கோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அடியேன். சாயங்காலம் பனிமூட்டம் இறங்கியது. தபேலாத் தோல் தொய்ந்து சுருதி விழுந்துவிட்டது. தபேலாக்காரன் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தான், நிற்கவில்லை. சமையல்காரரிடம் கெஞ்சிக் கரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டினோம். இரண்டு பாட்டு தாங்கும், மறுபடி தொய்யும். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சுருதி இறக்கி, வேகத்தையும் குறைத்துப் பாடினோம். குத்துப்பாட்டெல்லாம் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. பழம் பறிக்கும் பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பாட்டை மூன்று தடவை கேட்டார்கள்.

கீழே இறங்கும்போது வேனில் தபேலாக்காரனை ஆளாளுக்குத் திட்டிக்கொண்டே வந்தோம். ரிக்கார்டு மாதிரி இல்லையாம். எங்கள் குழு வாசித்ததில் இன்றைக்கும் என் காதில் இருப்பது அந்த ராத்திரி மட்டும்தான்.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். கிடைத்தது, நன்றாகவே இருக்கிறது. பெல்பாட்டம் விஷயத்தில் நாம் யாரும் யாரையும் சிரிக்க முடியாது. ஆனால் ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், பின்பக்கத்தில் ஐந்து பெயர்கள்தான் இருக்கின்றன. படத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். இடது ஓரத்தில், ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குப் பக்கத்தில், கையில் ஒயர்ச் சுருளோடு பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்கிறாரே, அவர் பெயரையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலேயே போட்டுவிடுகிறேன்.