மாற்கு 12:41–44, ஏழை விதவையின் காணிக்கை: ஆராதனையில் எப்படி விளக்குவது, இன்றைய வாழ்க்கையோடு எப்படிப் பொருத்துவது?

ஆராதனையில் பேசச் சொல்லி உங்களுக்குக் கொடுத்த தாளில் நான்கே வசனம் இருந்திருக்கும். பக்கத்திலேயே "காணிக்கையைப் பற்றிப் பேசவும்" என்று ஒரு குறிப்பும் இருந்திருக்கலாம். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், ஆனால் பத்துக்கு எட்டு முறை இந்தப் பகுதி அப்படித்தான் கைக்கு வருகிறது.

முதலில் வசன எல்லையை மாற்றுங்கள். 12:38-ல் தொடங்கி 13:2-ல் முடியுங்கள். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்ததாகக் கருதப்படுவது. வசன எண்களை 1551-ல் அச்சாளர் ராபர்ட் எஸ்தியென் போட்டார். மாற்கு எழுதியபோது 12க்கும் 13க்கும் நடுவில் எந்தக் கோடும் கிடையாது. கோட்டை அழித்துவிட்டு ஒரே மூச்சில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். வேதபாரகர் (நியாயப்பிரமாணத்தைக் கற்பித்தவர்கள்) "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" நீண்ட ஜெபம் பண்ணுகிறார்கள் என்று இயேசு எச்சரிக்கிறார். அடுத்த காட்சியிலேயே ஒரு விதவை வந்து கையில் இருந்த கடைசிக் காசையும் போட்டுவிட்டுப் போகிறாள். அதற்கடுத்து எருசலேம் தேவாலயத்தைப் பார்த்து ஒரு சீஷர் "எப்படிப்பட்ட கல்லுகள், எப்படிப்பட்ட கட்டடங்கள்" என்று வியக்கிறார். ஒரு கல்லின்மேல் இன்னொரு கல் மிஞ்சாது என்று பதில் வருகிறது. மூன்றும் ஒரே பேச்சு. நடுவில் இருப்பதை மட்டும் வெட்டி எடுத்தால் அது காணிக்கை விளம்பரம் ஆகிவிடும்.

இது என் கற்பனை என்று யாராவது சொல்வதற்கு முன் இரண்டு சான்றுகள். மாற்கு நற்செய்தி முழுவதிலும் "விதவை" என்ற சொல் மூன்றே இடத்தில்தான் வருகிறது: 12:40, 42, 43. அடுத்தடுத்து இப்படி வைத்தவருக்கு நோக்கம் இல்லை என்று சொல்வது கடினம். இன்னொன்று, 12:41-ல் இயேசு காணிக்கைப்பெட்டிக்கு "எதிராக" உட்காருகிறார். 13:3-ல் ஒலிவமலையின்மேல் தேவாலயத்துக்கு "எதிராக" உட்காருகிறார். கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். பெட்டியைப் பார்த்து உட்கார்ந்தவர் அடுத்து அந்தக் கட்டடத்தையே பார்த்து உட்காருகிறார்.

ஞாயிறு வாசகங்களை மூன்றாண்டுச் சுழற்சியில் தரும் வாசக அட்டவணையைப் பின்பற்றும் சபையென்றால் இது மாற்குவின் ஆண்டான 'பி' ஆண்டில், நவம்பர் மாதத்தில் வரும். பல புராட்டஸ்டன்ட் சபைகள் பயன்படுத்தும் திருத்திய பொது அட்டவணை 12:38–44 என்று சரியாகவே தொடங்குகிறது. கத்தோலிக்க அட்டவணையிலும் அதுவே முழு வாசகம். ஆனால் 41–44 என்ற குறுகிய வடிவத்துக்கும் அனுமதி உண்டு. குறுகியதை எடுத்தால் எச்சரிக்கை காணாமல் போகிறது. ஆகவே நேரம் போனாலும் நீண்டதையே வாசிக்கச் சொல்லுங்கள். 13:1–2 இரண்டிலும் இல்லை. அதைப் பிரசங்கத்துக்குள் நீங்களே வாசித்துக் காட்டலாம். (கத்தோலிக்கத் திருப்பலி என்றால் மறையுரை குருவுக்கோ திருத்தொண்டருக்கோ உரியது. பொதுநிலையினர் இந்தக் குறிப்புகளைச் செபக் குழுவில் பயன்படுத்துங்கள்.)

இனி காசுக் கணக்கு. அவள் போட்டது இரண்டு லெப்டா, அன்றைய மிகச் சிறிய செப்புக்காசு. அது ஒரு குவாத்ரன்ஸுக்குச் சமம் என்று மாற்கு ரோம நாணயத்தின் பெயரைச் சொல்லி விளக்குகிறார்; லூக்கா 21:2-ல் அந்த விளக்கம் இல்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் "ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு". 64 குவாத்ரன்ஸ் சேர்ந்தால் ஒரு தெனாரியம் என்ற ரோம வெள்ளி நாணயம்; மத்தேயு 20:2-ல், திராட்சத்தோட்ட வேலையாட்கள் உவமையில், அது ஒருநாள் கூலி. அந்த உவமையில் இருப்பதுபோல 12 மணி நேர வேலை என்று வைத்தால் 720 நிமிடத்தை 64-ஆல் வகுக்க, ஏறக்குறைய 11 நிமிட உழைப்பு. சபையில் சொல்லும்போது இன்றைய பணத்துக்கு மாற்றாதீர்கள், மதிப்பு அடுத்த வருடமே மாறிவிடும். "பதினொரு நிமிட வேலைக்கான கூலி, அவ்வளவுதான் அவளிடம் இருந்தது" என்றால் குழந்தைக்கும் புரியும்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வரி போதும்: ஆலயத்தில் எக்காள வடிவில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக மிஷ்னா (பழைய யூதச் சட்டத் தொகுப்பு) சொல்கிறது.

44ஆம் வசனத்தில் நின்று நிதானியுங்கள். "தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம்" என்று நாம் வாசிக்குமிடத்தில் உள்ள கிரேக்கச் சொல் பியோஸ். பிழைப்பு, வாழ்க்கை இரண்டையும் குறிக்கும். இன்னும் சில நாளில் தம் உயிரையே கொடுக்கப் போகிறவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இது பாராட்டா, புலம்பலா? வேதாகம அறிஞர் ஆடிசன் ரைட் 1982-ல் புலம்பல் என்று வாதிட்டார். இன்றுவரை அதையொட்டி வாக்குவாதம் நடக்கிறது. அவர் சொன்னதில் வலுவான விஷயம், இயேசு இங்கே "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று யாரிடமும் சொல்லவில்லை. லூக்கா 10:37-ல், நல்ல சமாரியன் கதையின் முடிவில் சொன்னார், இங்கே சொல்லவில்லை. மறுபக்கமும் இருக்கிறது: சீஷரை அழைத்து, "மெய்யாகவே" என்று தொடங்கி, எல்லாரையும்விட அவள் அதிகமாய்ப் போட்டாள் என்கிறார். அது வெறும் புலம்பல் ஆகாது. என் முடிவு: அவளுடைய மனதை மெச்சுகிறார், அவளை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பும் அமைப்பைக் கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்தே பிரசங்கியுங்கள். விதவையின் விசுவாசத்தைக் குறைத்துவிட்டான் என்று சிலர் வருவார்கள். அவர்கள் 40ஆம் வசனத்தை வாசித்துவிட்டு வரட்டும்.

இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுகிறார்கள். "யூத மதம் ஏழைகளைச் சுரண்டியது, கிறிஸ்தவம் மாற்றியது" என்று பேசிவிடாதீர்கள். உபாகமம் 14:28–29-ன்படி மூன்றாம் வருடத் தசமபாகம் லேவியன், பரதேசி (அந்நியன்), திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோருக்குரியது. அதாவது நியாயப்பிரமாணப்படி அவள் வாங்க வேண்டியவள், இங்கே கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இயேசு பேசுவது அந்த நியாயப்பிரமாணத்தின் பக்கம் நின்றுதான், விதவைகளைக் கொள்ளையிடுகிறவர்களை ஏசாயா 10:1–2 கண்டித்ததுபோல. எல்லா வேதபாரகரையும் அவர் ஒதுக்கவும் இல்லை: அதே 12ஆம் அதிகாரத்தில் 34ஆம் வசனம், ஒரு வேதபாரகரைப் பார்த்து "நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல" என்கிறது.

இன்றைய வாழ்க்கைக்குக் கொண்டுவரும்போது எல்லாரையும் விதவையாக்கினால் செய்தி கெட்டுவிடும். காட்சியில் நான்கு இடங்கள் உண்டு: போடுபவள், தாராளமாய்ப் போடும் ஐசுவரியவான்கள், வாங்கும் நிர்வாகம், பார்க்கும் சீஷர்கள். கேட்பவர்களை ஒவ்வொரு இடத்திலும் உட்கார வைத்து ஒரு கேள்வி கேளுங்கள். கடன் வாங்கிக் காணிக்கை போடுகிறவரிடம் "ஆண்டவர் இதைக் கேட்டாரா?" என்று கேளுங்கள், மாற்கு 7:9–13-ல் கொர்பான் (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுவதை இயேசு ஏற்கவில்லை என்பதையும் சேருங்கள். நிர்வாகிகளிடம் கடந்த வருடக் கணக்கில் கட்டடத்துக்குப் போனது எவ்வளவு, உதவி தேவைப்படும் வீடுகளுக்குப் போனது எவ்வளவு என்று கேளுங்கள். இந்த எண்களை மேடையில் சொல்வதற்கு முன் போதகரிடம் கலந்துபேசிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த ஞாயிறு உங்களுக்கு வாய்ப்பு இருக்காது. ஆதிச் சபைக்கும் இந்தத் தொல்லை இருந்தது: அப்போஸ்தலர் 6:1-ல் பந்தியில் விதவைகள் விடுபடுகிறார்கள், 1 தீமோத்தேயு 5:9-ல் அறுபது வயதுக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையோடு பட்டியலே இருக்கிறது. உங்கள் சபையில் அப்படிப் பட்டியல் உண்டா? இந்த ஒரு கேள்வி அரைமணி நேர உணர்ச்சிப் பேச்சைவிட அதிகம் செய்யும்.

ஆராதனை ஒழுங்கையும் பாருங்கள். பிரசங்கம் முடிந்த கையோடு காணிக்கைப் பை சுற்றினால் நீங்கள் சொன்னது அத்தனையும் போச்சு. நடுவில் பாவ அறிக்கையோ வேண்டுதல் ஜெபமோ வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். வேண்டுதலில் துணையை இழந்தவர்களுக்காகக் குறிப்பாக ஜெபியுங்கள், ஆனால் யார் பெயரையும் உரக்கச் சொல்லி எழுந்து நிற்க வைக்காதீர்கள். வாசிப்பவருக்குப் பகுதியை மூன்று நாள் முன்பே கொடுத்து, 40க்கும் 41க்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

     

சனிக்கிழமை மாலைக்குள் முழுவதையும் எழுதி, கடிகாரம் வைத்துச் சத்தமாக வாசியுங்கள். 15 நிமிடம் தாண்டினால் பெட்டி விவரத்தை எடுத்துவிடுங்கள், காசுக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கடைசியில் "கட்டட நிதிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று காதில் சொன்னால், அது அறிவிப்பு நேரத்தில் அவர்களே சொல்ல வேண்டியது.