மாலையில் கொறிக்கும் பழக்கம்: மதியச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள்

சுன்னாகத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். 44 வயதான அவர் அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளராகப் பணிபுரிகிறார். மாலை 5 மணிக்கு வீடு திரும்பித் தேநீரோடு மிக்சரோ பகோடாவோ எடுத்தால், பிள்ளைகள் ரியூசன் முடிந்து வரும் வரைக்கும், அதன் பின்னர் தொலைக்காட்சித் தொடர் முடியும் வரைக்கும் எதையாவது வாயில் போட்டுக்கொண்டே இருப்பதாகவும், இரவு 9 மணிக்குக் கணவர் கடை பூட்டிவிட்டு வந்ததும் அவரோடு உட்கார்ந்து புட்டோ இடியப்பமோ வழமைபோலச் சாப்பிடுவதாகவும் சொல்கிறார். அண்மையில் கிளினிக்கில் எடுத்த எச்பிஏ1சி பரிசோதனை (குருதிச் சீனியின் சில மாதச் சராசரியைக் காட்டுவது) 6.1 சதவீதம் என்று வந்திருக்கிறது. நீரிழிவுக்கு முந்திய நிலை என்று எச்சரித்திருக்கிறார்கள், மருந்து எதுவும் தொடங்கவில்லை. "திங்கட்கிழமை நிறுத்துகிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பழையபடி தொடங்கிவிடுகிறது. எனக்கு ஏன் வாயைக் கட்ட முடியவில்லை?" என்பது அவருடைய கேள்வி. கேட்டதோடு நில்லாமல், ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டார் என்பதையும் நேரத்துடன் எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தக் குறிப்பு இருப்பதால்தான் இந்தப் பதிலைப் பொதுப்படையாக எழுதாமல் விடயத்தோடு எழுத முடிகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்கள் நிறுத்தி வைக்க முடிந்த ஒருவருக்கு மனக்கட்டுப்பாடு இல்லையென்று சொல்வது சரியாகாது. உங்களிடம் பசி, பழக்கம் என்ற இரண்டு வெவ்வேறு விடயங்கள் ஒரே மணி நேரத்தில் வந்து சேருகின்றன. பசியைக் கட்டுப்பாட்டால் தீர்க்க முடியாது, சாப்பாட்டால்தான் தீர்க்க வேண்டும். பழக்கத்தைச் சாப்பாட்டால் தீர்க்க முடியாது, இடத்தையும் கையையும் மாற்றித்தான் தீர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணி "இனிமேல் தொடமாட்டேன்" என்று முடிவெடுப்பதால்தான் நான்காம் நாளுக்குப் பிறகு அது உடைகிறது.

பசியின் கதை மாலையில் தொடங்குவதில்லை. உங்கள் குறிப்பின்படி காலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், 10 மணிக்குக் கன்ரீனில் ஒரு ரோல்ஸ், மதியம் வீட்டிலிருந்து கொண்டுபோன வெள்ளைச் சோற்றுடன் ஒரு குழம்பும் ஒரு பொரியலும். வயிறு நிறைந்தாலும் இவற்றில் புரதமும் நார்ப்பொருளும் போதாது. தீட்டிய வெள்ளையரிசிச் சோறு விரைவாகச் சமித்து, குருதியில் சீனியின் அளவை வேகமாக ஏற்றி, பின்னர் இறங்கவும் விடுகிறது. போதாததற்கு, மனிதருடைய உடற்கடிகாரமே காலையை விட மாலையில் பசியுணர்வைக் கூட்டி வைக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன், நாம் தினமும் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது தானாகவே உயரும் இயல்புடையது. ஆகவே ஒவ்வொரு நாளும் 5 மணிக்குக் கொறித்துப் பழகிய உடல் 5 மணிக்குக் கேட்கத்தான் செய்யும்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். உங்கள் குறிப்பில் திங்கள் முதல் வியாழன் வரை மதியத்தில் மீனோ முட்டையோ இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறிச் சமையல் என்பதால் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம் என்று எழுதியிருக்கிறீர்கள். பருப்பும் இல்லை, பயறும் இல்லை, தயிரும் இல்லை. வாரத்திலேயே புரதம் மிகக் குறைந்த மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, வாரத்தின் களைப்பு முழுவதையும் சுமந்துகொண்டு, கோயிலுக்கும் போய் 7 மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள். அன்றைக்குத்தான் கை பலகார ரின்னைத் தேடுகிறது. சைவச் சாப்பாட்டில் தவறேதும் இல்லை, அதைப் பகுதியாகச் சமைப்பதில்தான் குறை இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கெட்டியான பருப்புக் கறி ஒன்றும், முருங்கையிலை வறையோ வேறு கீரையோ ஒன்றும், ஒரு சிறு கிண்ணம் தயிரும் கட்டாயம் இருக்கட்டும். கௌப்பியோ கொண்டைக்கடலையோ கறியாக வைத்தால் இன்னும் நல்லது. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலே வெள்ளிக்கிழமைப் பின்னேரம் வேறு மாதிரியாக இருக்கும் என்று நான் உறுதியாக எதிர்பார்க்கிறேன். மற்ற நாட்களில் வெள்ளைச் சோற்றுக்குப் பதிலாக மொட்டைக்கறுப்பனோ வேறு தவிட்டுச் சிவப்பரிசியோ சமைத்து, சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, மரக்கறியைக் கூட்டுங்கள். காலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஓர் அவித்த முட்டை போதும். அதில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது.

அடுத்ததாக, மாலையில் சாப்பிடவே கூடாது என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். மதியம் 12.30க்குச் சாப்பிட்டு இரவு 9 மணி வரைக்கும் எட்டரை மணி நேரம் வெறுமனே இருக்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மாலையில் ஒரு தடவை, உட்கார்ந்து, கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுங்கள். நம்மூரில் தாளித்த கடலைக்கு இணையான மாலைச் சாப்பாடு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அவித்த கடலை அரைக் கோப்பையில் ஏறத்தாழ 135 கலோரியும் 7 கிராம் புரதமும் 6 கிராம் நார்ப்பொருளும் உள்ளன. மிக்சர் 100 கிராமில் ஏறத்தாழ 500 கலோரி இருப்பதால், 30 கிராம் கொண்ட ஒரு பிடி மிக்சரும் அரைக் கோப்பைக் கடலையும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அரைக் கோப்பைக் கடலையோடு வயிறு அடங்கிவிடும், ஒரு பிடி மிக்சரோடு யாரும் நிறுத்துவதில்லை. கடலையை இரவே ஊறப்போட்டு, காலையில் அவித்து வைத்துவிட்டுப் போனால், வந்ததும் கொஞ்சம் வெங்காயம், செத்தல் மிளகாய், தேங்காய்ச் சொட்டு போட்டுத் தாளிக்க ஐந்து நிமிடங்கள் போதும். எண்ணெய் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். வேலை முடிந்து புறப்படும்போதே பசி கடுமையாக இருந்தால், அலுவலகத்திலேயே ஒரு வாழைப்பழமும் சில கச்சானும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கடும் பசியோடு சமையலறைக்குள் நுழைபவர் முன்னால் இருப்பதைத்தான் எடுப்பார்.

பழக்கத்தின் பக்கம் வேறு விதமானது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றை இங்கே சொல்வது பொருத்தம். திரைப்படம் பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகப் பொரித்த சோளப்பொரியையும், மற்றவர்களுக்கு ஒரு வாரம் பழையதையும் கொடுத்தார்கள். திரையரங்கில் சோளப்பொரி சாப்பிடும் பழக்கம் ஊறியவர்கள், பழையது சுவையாக இல்லை என்று தாமே சொன்ன போதும், புதியதைச் சாப்பிட்டவர்கள் அளவுக்கே அதையும் சாப்பிட்டார்கள். அதே வகையானவர்களை ஒரு கூட்ட அறையில் உட்காரவைத்துக் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. பழகாத கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னபோது, திரையரங்கிலும் பழையதைக் குறைத்துக்கொண்டார்கள். வாய் கேட்காததைக்கூட இடமும் கையும் சேர்ந்து சாப்பிட வைக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் அந்த இடம் தொலைக்காட்சிக்கு எதிரேயுள்ள கதிரை என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே புலப்படுகிறது. பக்கற்றின் மூலையை வெட்டி மடியில் வைத்துக்கொள்கிறீர்கள், கண் தொடரில் இருக்கிறது, விரல்கள் முதலில் கச்சானைத் தேடி எடுக்கின்றன, பின்னர் ஓமப்பொடி, கடைசியில் அடியில் தங்கிய உப்பும் மிளகாய்த் தூளும். எவ்வளவு உள்ளே போனது என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. கவனம் வேறெங்கோ இருக்கும்போது சாப்பிட்டால் அப்போதும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம், சாப்பிட்டது நினைவில் சரியாகப் பதியாததால் அடுத்த வேளையிலும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம். எனவே இந்த விதியை வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள்: தின்பது எதுவானாலும் சாப்பாட்டு மேசையில், கிண்ணத்தில் போட்டு. தொடர் பார்க்கும்போது கையை வெறுமனே வைத்திருக்க முடியாவிட்டால், மறுநாள் சமையலுக்கு முருங்கையிலை ஆய்வதையோ உள்ளி உரிப்பதையோ அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். பலகார ரின்னை மேசையிலிருந்து எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மிக்சரைப் பெரிய பக்கற்றாக வாங்குவதை நிறுத்துங்கள். மலிவு என்று வாங்குவது அன்றைக்கே முடிகிறது. பாண் கொண்டுவரும் முச்சக்கர வண்டியின் பாட்டுக் கேட்டதும் படலைக்குப் போகும் பழக்கம் இருந்தால், அந்த நேரத்தில் குளிக்கவோ பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடவோ திட்டமிடுங்கள். "பாட்டுக் கேட்டால் குழாயைத் திறப்பேன்" என்பதுபோல, நேரத்தையும் செயலையும் முன்கூட்டியே இணைத்து வைக்கும் முடிவுகள், "குறைத்துக்கொள்வேன்" என்ற பொதுவான முடிவை விட நிலைக்கின்றன.

கையை மெதுவாக்கும் தின்பண்டங்களையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பனங்கிழங்குக் காலத்தில் அவித்த கிழங்கை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக் குருத்தை எடுத்து, தும்பை ஒவ்வொன்றாக இழுத்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். மாச்சத்து உள்ளதுதான் என்றாலும், நார்ப்பொருள் நிறைந்தது, எண்ணெய் இல்லாதது. ஒரு நேரத்துக்கு ஒன்றிரண்டு போதும். கோதுடன் வறுத்த கச்சானும் அப்படித்தான், உடைத்து உடைத்துத்தான் தின்ன வேண்டும். கோது நீக்கி உப்புப் போட்ட கச்சானை வாங்காதீர்கள்.

தேநீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் அதுவே 32 கிராம். சேர்க்கும் சீனி, 2000 கலோரி உணவில் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல். பனங்கட்டி கடித்துக் குடித்தால் சீனி ஏறாது என்று பலர் நம்புகிறார்கள். பனங்கட்டியும் பெரும்பகுதி சீனியே. கிரீம் கிராக்கர் இனிக்காது என்பதால் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் தவறு, அது வெள்ளைக் கோதுமை மாவும் கொழுப்பும் உப்பும் சேர்ந்தது.

இரவுச் சாப்பாட்டை 9 மணியிலிருந்து 7.30க்குக் கொண்டுவாருங்கள். ஒரே அளவு உணவு காலையில் ஏற்றுவதை விட இரவில் குருதிச் சீனியைக் கூடுதலாக ஏற்றுகிறது என்பதால் உங்களுக்கு இது இரட்டிப்பு நன்மை. கணவர் வந்து சேரும் வரை காத்திருப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்பதை மதிக்கிறேன்; ஆனால் அந்தக் காத்திருப்பு நேரம்தான் கொறிப்பினால் நிரம்புகிறது. பிள்ளைகளோடு நீங்கள் சாப்பிட்டுவிட்டு, அவர் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து கதைக்கலாம். இதை அவரிடம் காரணத்தோடு சொல்லுங்கள், பரிசோதனை அறிக்கையையும் காட்டுங்கள்.

மாமியார் சுடும் பயற்றம் பணியாரத்தையும், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் சொக்லேட்டையும் மறுப்பது கடினம் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுக்க வேண்டாம். ஒன்றை எடுத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுங்கள், மீதியைப் பகிர்ந்து கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளை உங்கள் கட்டுப்பாட்டுக்குள் இழுக்காதீர்கள். வளரும் பிள்ளைக்கு ரியூசனுக்கு முன்னர் சாப்பாடு தேவை, கடலையும் முட்டையும் பழமும் அவர்களுக்கும் ஏற்றவை.

எவ்வளவு காலம் எடுக்கும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் புதிய பழக்கமொன்று தானாக நடக்கும் நிலையை அடைய எடுக்கும் காலத்தை அளந்தபோது, நடுத்தர அளவு 66 நாட்களாகவும், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடுவதாகவும் கண்டார்கள். உங்களுக்கு முக்கியமானது அதே ஆய்வின் இன்னொரு முடிவு: இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை தவறினால் சனிக்கிழமை காலையிலேயே தொடருங்கள், அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற நீரிழிவு மாத்திரைகள் எடுப்பவர்களும் மாலைச் சாப்பாட்டைத் தாமாக நிறுத்தவோ இரவுச் சாப்பாட்டு நேரத்தை மாற்றவோ கூடாது. குருதிச் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழலாம், வைத்தியரிடம் கேட்ட பின்னரே மாற்ற வேண்டும். நிறுத்த முடியாதபடி பெருமளவில் சாப்பிடுதல், யாருக்கும் தெரியாமல் ஒளித்துச் சாப்பிடுதல், நித்திரையில் எழும்பிச் சாப்பிடாமல் மறுபடி உறங்க முடியாதிருத்தல் ஆகியன இருந்தால் அவை கொறிக்கும் பழக்கத்துக்கு அப்பாற்பட்டவை, அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வெட்கப்படாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது என்பதால் அடுத்த வாரமே மீண்டும் பரிசோதிப்பதில் பயனில்லை. மூன்று மாதங்களின் பின்னர் எடுங்கள். அந்தப் பரிசோதனைக்கு முந்திய ஒரு வாரத்துச் சாப்பாட்டையும் இதேபோல நேரத்துடன் எழுதி, அறிக்கையோடு சேர்த்து வைத்தியரிடம் காட்டுங்கள்.