முதல் ஸ்பொட்டிங் ஸ்கோப்: வன்னிப் பறவை ஆர்வலர்களின் கேள்விகளும் பதில்களும்

குறைந்த செலவில் முதலாவது ஸ்பொட்டிங் ஸ்கோப் (முக்காலியில் பொருத்தித் தூரத்துப் பறவைகளைப் பார்க்கும் தொலைநோக்கி) ஒன்றைத் தெரிவுசெய்வது பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே விடயத்தைக் கேட்ட கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

மல்லாவி, உயர்தர மாணவர்: சேர், என்னிடம் இன்னும் பைனாகுலர் கூட இல்லை. சேர்த்து வைத்த காசில் நேரடியாக ஸ்கோப் வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் 8x42 அளவுள்ள (எட்டு மடங்குப் பெருக்கம், 42 மில்லிமீற்றர் முன்வில்லை) நல்ல பைனாகுலர் ஒன்றை வாங்குங்கள். இருபது மடங்கு பெருக்கும் ஸ்கோப்பில், ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் ஏறத்தாழ 35 மீற்றர் அகலமான துண்டுதான் தெரியும். எட்டு மடங்குப் பைனாகுலரில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு அகலம் கிடைக்கும். வவுனிக்குளத்து அலைகரை மரங்களில் தாவித் திரியும் மாங்குயிலை ஸ்கோப்பால் தேடத் தொடங்கினால், நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். பறவையைத் தேடிப் பிடிப்பது பைனாகுலரின் வேலை. நின்று நிதானமாக ஆராய்வது ஸ்கோப்பின் வேலை.

முருங்கன், விவசாயி: நல்ல பைனாகுலர் என்னிடம் உண்டு. பிறகு ஸ்கோப் எதற்கு?

உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. கட்டுக்கரைக்குளத்தின் கட்டில் நின்று மார்கழி, தை மாதங்களில் பார்த்தால், நடு நீரில் மிதக்கும் வாத்துக் கூட்டம் பைனாகுலரில் கரிய புள்ளிகளாகவே தெரியும்; அவற்றுள் ஊசிவால் வாத்து எது, நீலச்சிறகி எது என்று பிரித்தறிய ஸ்கோப் வேண்டும். 2010ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக (சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட வங்காலையிலும், சுண்டிக்குளத்திலும், கொக்கிளாய், நந்திக்கடல் களப்புகளிலும் இதே நிலைதான். சேற்று வெளியில் இரை தேடும் சிறிய உப்புக்கொத்திகளில் பெரிய இனத்தையும் சிறிய இனத்தையும் அலகின் நீளத்தையும் காலின் நிறத்தையும் வைத்தே பிரிக்க வேண்டியிருக்கிறது. நூறு மீற்றருக்கு அப்பால் அது பைனாகுலருக்கு எட்டாது.

இன்னொரு காரணம் வன்னிக்கே உரியது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிற்கும் இடங்கள் உண்டு. யானை நடமாடும் பற்றைகளும் உண்டு. பறவையைக் கிட்டப் பார்க்க வேண்டுமென்று பாவனையிலுள்ள பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஸ்கோப் இருந்தால், வீதியிலோ குளக்கட்டிலோ நின்றபடியே அந்த வேலையைச் செய்யலாம். பறவையும் கலையாது.

கிளிநொச்சி, வங்கி உத்தியோகத்தர்: இணையக் கடையில் "300 மடங்கு" என்றும் "25-75" என்றும் போடுகிறார்கள். எவ்வளவு பெருக்கம் வேண்டும்?

அந்த 300ஐ உடனே மறந்துவிடுங்கள். பறவை பார்க்கும் ஸ்கோப்புகள் பெரும்பாலும் 15 முதல் 60 மடங்குக்குள் அமையும். வன்னியில் நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போவது 20க்கும் 35க்கும் இடைப்பட்ட பகுதியைத்தான். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, கானல். தரவையும் சேற்று வெளியும் வெயிலில் சூடாகும்போது, தரையை ஒட்டிய காற்று வெவ்வேறு வெப்பநிலையுள்ள படலங்களாக அலைவதால், அதனூடே வரும் ஒளி இடைவிடாமல் வளைகிறது. ஸ்கோப் பறவையைப் பெருக்கும் அதே அளவுக்கு இந்த அலைவையும் பெருக்கிக் காட்டும். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பின்னர் வங்காலை வெளியில் அறுபது மடங்கில் பார்த்தால், பூநாரையின் கால்கள் தண்ணீருக்குள் நெளியும் நூல்களாகத் தெரியுமே தவிர, ஒரு விவரமும் பிடிபடாது. பல இலட்சம் ரூபா பெறுமதியான கருவியாக இருந்தாலும் அந்த நேரத்தில் அதுவே நிலை. ஆகவே அதிகாலையிலும் மாலை நான்கு மணிக்குப் பிறகும் பாருங்கள். சூரியன் முதுகுப்புறம் இருக்கும்படி இடம் எடுங்கள். கானல் எழுந்தவுடன் பெருக்கத்தைக் குறையுங்கள்.

இரண்டாவது, வெளிச்சம். பொருள்வில்லையின் (பறவையை நோக்கிய முன் வில்லையின்) விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண் வைக்கும் பார்வைத்துண்டிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 60 மில்லிமீற்றர் வில்லையில் 20 மடங்கு வைத்தால் 3 மில்லிமீற்றர். 60 மடங்கு வைத்தால் ஒரேயொரு மில்லிமீற்றர். விடிகாலை மங்கலில் கண்மணி அகன்று விரிந்திருக்கும் வேளையில் ஒரு மில்லிமீற்றர் ஒளியைக் கொடுத்தால் காட்சி இருண்டே போகும். பார்வைப் புலமும் பாதியளவுக்குச் சுருங்கிவிடும். விளம்பரத்தில் உள்ள பெரிய எண்ணுக்காகப் பணம் கொடுக்கிறவர், தான் பாவிக்கவே மாட்டாத பகுதிக்குப் பணம் கொடுக்கிறார்.

வவுனியா, தாதிய உத்தியோகத்தர்: 60, 65, 80 என்று வில்லை அளவுகள் இருக்கின்றன. பெரியதை வாங்குவதுதானே நல்லது?

ஒரே தரமான இரண்டை ஒப்பிட்டால் பெரியது நல்லதுதான். 80 மில்லிமீற்றர் வில்லை, 60 மில்லிமீற்றர் வில்லையைவிட ஏறத்தாழ 78 வீதம் கூடுதலான ஒளியைச் சேர்க்கும். ஆனால் ஒரே விலையில் இரண்டு கிடைத்தால், சிறியதில்தான் நல்ல கண்ணாடி போட்டிருப்பார்கள்; பெரியதில் அளவுக்கே காசு போயிருக்கும். எடையையும் எண்ணிப் பாருங்கள். 80 மில்லிமீற்றர் ஸ்கோப்பும் அதைத் தாங்கும் முக்காலியும் சேர்ந்து நான்கு கிலோ வரை போகலாம். அதைச் சுமந்து இரணைமடுக் கட்டின் நீளத்துக்கு நடக்கிறவர், சில வாரங்களில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரத் தொடங்குவார். பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறவருக்கு 60 அல்லது 65 போதும்.

முள்ளியவளை, கடை உரிமையாளர்: முக்காலிக்கும் தனியாகச் செலவழிக்க வேண்டுமா? ஸ்கோப்புடன் ஒரு சிறிய மேசை முக்காலி தருகிறார்கள்.

அந்த மேசை முக்காலியைத் திண்ணையில் வைத்துக் கொள்ளலாம். வெளிக்கு எடுத்துப் போகப் பயன்படாது. மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்கையாவது முக்காலிக்கு ஒதுக்குங்கள். வாடைக்காற்று அடிக்கும் காலத்தில்தானே வலசைப் பறவைகளும் வருகின்றன? மெலிந்த முக்காலியில் ஏற்றிய நல்ல ஸ்கோப், மாட்டு வண்டியில் இருந்துகொண்டு பத்திரிகை வாசிப்பது போலத்தான்.

முக்காலியின் கால்கள் தடிப்பாக இருக்க வேண்டும். மூன்று கால்களையும் முழுதாக நீட்டியபோது, நடுத்தண்டை உயர்த்தாமலே பார்வைத்துண்டு உங்கள் கண்ணுக்கு எட்ட வேண்டும். நடுத்தண்டை உயர்த்தினால் அசைவு கூடும். தலைப்பகுதி வீடியோக் கமெராவுக்கு உரியதாக, ஒற்றைக் கைபிடியுடன் மேலும் கீழும் வழுக்கிச் செல்வதாக இருக்கட்டும். கல்யாணப் படம் பிடிக்கும் ஸ்டூடியோக்காரர்கள் பழைய வீடியோ முக்காலிகளை விற்பதுண்டு. பாரமாக இருக்கும், ஆனால் உறுதியானவை. புதிய மலிவு முக்காலியைவிட அவை எவ்வளவோ மேல்.

விசுவமடு, பல்கலைக்கழக மாணவி: "ஈ.டி. கண்ணாடி" என்றால் என்ன? அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கலாமா? எந்தத் தயாரிப்பை வாங்குவது?

சாதாரண வில்லை வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு இடங்களில் குவிப்பதால், வெள்ளைக் கொக்கின் விளிம்பில் ஊதாவும் பச்சையுமான கரை தெரியும். ஈ.டி. என்பது இந்த நிறப்பிரிக்கையைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி. இருபது மடங்கில் வேறுபாடு சிறிதாகத் தோன்றும். முப்பதைத் தாண்டும்போது நன்றாகத் தெரியும். பணம் போதுமென்றால் வில்லையின் அளவைக் குறைத்தாவது ஈ.டி. உள்ளதை எடுங்கள் என்பதே என் கருத்து.

தயாரிப்புகளைப் பொறுத்தவரை, மிகக் குறைந்த விலையில் எஸ்விபோனி நிறுவனத்தின் எஸ்.வி.28 வரிசை இருக்கிறது, அதில் ஈ.டி. இல்லை, குறைந்த பெருக்கத்தில் மாத்திரம் திருப்தி தரும். அதே நிறுவனத்தின் எஸ்.வி.406 வரிசையில் ஈ.டி. உள்ள 80 மில்லிமீற்றர் மாதிரியும் உண்டு. செலஸ்ட்ரன் ஹம்மிங்பேர்ட் 9-27x56 ஈ.டி. சிறியது, ஒன்பது மடங்கில் தொடங்குவதால் பறவையைத் தேடிப் பிடிப்பதும் எளிது. கோவா டி.எஸ்.என்.501, 20-40x50 அளவில் ஈ.டி. இல்லாமலே தெளிவான காட்சி தரும் இலேசான கருவி. இவற்றுள் நான் முதலில் தேடச் சொல்வது ஹம்மிங்பேர்டைத்தான். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள், கருவியின் விலையோடு அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் விசாரித்துக் கூட்டிப் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். உத்தரவாதம் நிறுவனத்தின் நாட்டில் மட்டும் செல்லுபடியாகுமா என்றும் கேளுங்கள்.

செட்டிகுளம், ஓய்வுபெற்ற அதிபர்: நான் கண்ணாடி அணிபவன். நேரான வடிவமா, சரிந்த பார்வைத்துண்டு உள்ள வடிவமா எனக்குப் பொருந்தும்?

ஐயா, கண்ணாடியைக் கழற்றாமல் முழு வட்டமும் தெரிய வேண்டுமானால், பார்வைத்துண்டிலிருந்து கண் நிற்க வேண்டிய தூரம் 15 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விவரத்தாளில் இது எழுதப்பட்டிருக்கும்; இறப்பர் வளையம் கீழே மடிய அல்லது திருகி இறங்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். வடிவத்தில் 45 பாகை சரிந்ததையே எடுங்கள். குனிந்து பார்ப்பதால் முக்காலியை உயர்த்தத் தேவையில்லை, ஆகவே அசைவும் குறையும். பேரப்பிள்ளைகளும் அதே உயரத்தில் பார்க்கலாம். வாகனத்துக்குள் இருந்தே பார்ப்பவர்களுக்கு மாத்திரம் நேரான வடிவம் வசதி.

ஒட்டுசுட்டான், தச்சுத் தொழிலாளர்: பாவித்த ஸ்கோப் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது?

பகலில், வெளியில் வைத்துச் சோதியுங்கள். முதலில் பொருள்வில்லைப் பக்கமிருந்து டோர்ச் அடித்து, மற்றப் பக்கத்தால் உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போன்ற கிளைகள் தெரிந்தால் அது பங்கசு. நமது ஈரக் காலநிலையில் அது பரவும், துடைத்து அகற்ற முடியாத உட்பக்கத்தில் இருக்கும், விலை எவ்வளவு குறைவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளிக்கண்ணாடியில் உள்ள சிறு கீறல் காட்சியைப் பெரிதாகப் பாதிக்காது. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

பின்னர் மின்கம்பியில் இருக்கும் காகம் ஒன்றைக் குவியுங்கள். குவியம் ஓரிடத்தில் சட்டென்று கூர்மையாக வந்து நிற்க வேண்டும். "இதுவா, இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டுமா" என்று நீங்கள் தேடிக்கொண்டே இருந்தால் கண்ணாடி சரியில்லை. பெருக்கத்தைக் கூட்டும்போது காகம் நடுவை விட்டு விலகினால், உள்ளே அரியம் (ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) இடம் மாறியிருக்கலாம். ஸ்கோப்பை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கிலுகிலுப்புச் சத்தம் கேட்கக் கூடாது.

பூநகரி, கைத்தொலைபேசி திருத்துநர்: ஸ்கோப்பினூடாகக் கைத்தொலைபேசியால் படம் எடுக்க முடியுமா?

முடியும். பார்வைத்துண்டில் பொருந்தும் போன் தாங்கி ஒன்று வாங்குங்கள்; பெருக்கத்தை 20 முதல் 30க்குள் வைத்துக்கொண்டு, விரலால் திரையைத் தட்டாமல் இரண்டு விநாடித் தாமதத்தில் படம் எடுங்கள். அடையாளம் காண அது போதும். ஆய்வாளர்கள் காலில் நிற வளையமோ கொடியோ கட்டிய கரைப்பறவையைக் கண்டால் இந்தப் படம் மிகவும் பயனுள்ளது; நிறங்களின் ஒழுங்கையும் எழுத்துகளையும் குறித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இயங்கும் இலங்கை களப் பறவையியல் குழுவுக்கு அனுப்பலாம்.

மாங்குளம், ஆசிரியை: எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகத்துக்கு ஒன்று வாங்க நினைக்கிறோம். தனிநபருக்குச் சொல்லும் அதே ஆலோசனைதானா?

இல்லை, ரீச்சர். சுமக்கப் பலர் இருப்பதால் 80 மில்லிமீற்றரை எடுக்கலாம். சரிந்த பார்வைத்துண்டு கட்டாயம். வரிசையில் நிற்கும் பிள்ளை ஒவ்வொருவரும் வில்லையைத் தொடுவார்கள், அடிக்கடி துடைக்க நேரும், ஆகவே நீர் புகாத, உட்புறம் ஈரம் படியாதபடி நைதரசன் வாயு நிரப்பிய கருவியாகப் பாருங்கள். ஸ்கோப்பைச் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லுங்கள். கணப்பொழுதில் கண் போய்விடும்.

முள்ளிவாய்க்கால், கடற்றொழிலாளரின் மகன்: களப்புக் கரையில் ஸ்கோப் வைத்து நின்றால் சந்தேகப்பட்டு விசாரிக்க மாட்டார்களா?

விசாரிக்கலாம். படை முகாம், காவலரண், கடற்படைத் தளம் இருக்கும் திசைக்கு ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள். அவற்றுக்கு அருகில் இருந்தால் வேறு இடம் தேடுவதே புத்தி. அடையாள அட்டையையும் பறவைகளின் படங்கள் உள்ள கைநூல் ஒன்றையும் எப்போதும் வைத்திருங்கள். யாராவது வந்து கேட்டால், ஸ்கோப்பிலேயே ஒரு கூழைக்கடாவைக் காட்டுங்கள். அநேகமாகக் கேள்வி அத்துடன் முடியும். சரணாலயம், தேசிய பூங்கா எல்லைக்குள் நுழைய வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமா என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள்.

மன்னார், முச்சக்கரவண்டி ஓட்டுநர்: உப்புக்காற்றிலும் மாரி ஈரத்திலும் கருவியை எப்படிப் பாதுகாப்பது?

மன்னார்த் தாம்போதியில் நின்று பார்த்துவிட்டு வந்தால், வில்லையில் படிந்த உப்பையும் மணலையும் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். அதுவே கீறலை உண்டாக்கும். ஊதுபந்தால் தூசியை ஊதியகற்றி, மெல்லிய தூரிகையால் தட்டி, அதன் பின்னரே வில்லைத் துணியைச் சற்று ஈரமாக்கித் துடையுங்கள். வெளிக்கூட்டையும் முக்காலிக் கால்களையும் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள்; முக்காலியின் பூட்டுகளில்தான் உப்பு முதலில் அரிக்கும். மாரிக்காலத்தில் துணிப்பைக்குள் மூடி வைத்தால் பங்கசு வரும். இறுக்கமாக மூடும் பிளாஸ்திக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால், அது மாறியவுடன் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம். முச்சக்கரவண்டியின் பின்தட்டில் போட்டுக்கொண்டு கிரவல் வீதியில் ஓடாதீர்கள், அதிர்வில் அரியம் அசைந்துவிடும். சாரத்தில் சுற்றி இருக்கையில் வைத்துக் கட்டுங்கள்.